சிறுபடகில் தூண்டிற்கோல் தாங்கி: தெரிவு செய்தலும் பொருத்துதலும்

(திருகோணமலை மாவட்டத்து நெல், மரக்கறிச் செய்கையாளருக்கு)

முன்னுரை

திருகோணமலை மாவட்டத்தில் வயலும் கடலும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. கிண்ணியா, மூதூர், சம்பூர், நிலாவெளி, குச்சவெளி முதலிய இடங்களில் ஒரு பருவத்தில் ஏரும் மற்றொரு பருவத்தில் தூண்டிலும் பிடிக்கும் குடும்பங்கள் உள்ளன. பெரும்போக விதைப்பு ஒக்டோபர் மாத அளவில் தொடங்குகின்றது. அதன்பின் வாடைக்காற்று வலுத்துக் கடல் கொந்தளிக்கும். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் அறுவடை முடிந்து நெல் வீடு சேரும்போது கடலும் அடங்கிவிடும். குளத்து நீர் பாயும் வயல்களில் சிறுபோகம் நடைபெறும். மழையை நம்பிய வயலுடையவருக்கோ அடுத்த மாரி வரையில் வேலை குறைவு. தோட்டஞ் செய்வோரும் விடியற்காலையிற் கடலுக்குப் போய் வந்து மாலையிற் கத்தரிக்கும் மிளகாய்க்கும் நீர் இறைக்கலாம். ஆதலின் இக்காலத்தில் சிறுபடகும் இரண்டு தூண்டிற்கோல்களும் கமக்காரருக்கு நல்ல துணை வருமானமாகும்.

ஓடும் படகின் பின்னே தூண்டிலை இழுத்துச் சென்று மீன் பிடிக்கும்போது கோலைத் தாங்கி நிற்கும் சிறு கருவியே தூண்டிற்கோல் தாங்கி. அது சிறிய பொருள், விலையும் பெரிதன்று. ஆயினும் அதைப் பிழையாகப் பொருத்தினால் வரும் நட்டம் பெரிது. பெரிய மீன் ஒன்று பற்றியவுடன் தாங்கி பிடுங்குண்டால் கோலும் ரீலும் கடலிற் போவதோடு காரியம் முடிவதில்லை. படகின் மேல்விளிம்பு கிழியும். கிழிந்த இடத்தால் நீர் உட்புகும். அதைத் தடுக்க இருவரும் ஒரே பக்கத்திற்குப் பாய்ந்தாற் படகு கவிழவும் கூடும். அடுத்த போகத்து விதைநெல்லுக்கும் பசளைக்கும் வைத்திருந்த பணம் படகு திருத்தச் செலவாகிவிடும்.

ஆகையால் எத்தகைய தாங்கியைத் தெரிவு செய்வது, அதை எங்கே, எவ்வாறு பொருத்துவது என்பவை இங்கே கூறப்படுகின்றன. எல்லாவற்றுக்கும் அடிப்படையான விதி ஒன்று உண்டு. தாங்கி எவ்வளவு வலியது என்று கேட்பதற்கு முன், அது நிற்கும் இடம் எவ்வளவு வலியது என்று கேட்டல் வேண்டும்.

நமது கடல்

மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் தூரம் ஓடிக் கொட்டியாரக் குடாவிற் கலக்கின்றது. அக்குடாவின் வாயிலுக்கு அண்மையிலேயே கடல் திடீரென ஆழமாகின்றது. கடலடியில் மிக ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று கரையை நோக்கி வந்துள்ளது. இதனால், மற்றைய கரைகளில் நெடுந்தூரம் சென்று பிடிக்க வேண்டிய சூரை முதலிய மீன்கள் இங்கே சிறுபடகு சென்று திரும்பக்கூடிய எல்லையிலேயே அகப்படுகின்றன. பாறைகளின் அருகே பாரையும் சீலாவும், சற்று வெளியே அறக்குளாவும் ஓடும் தூண்டிலைப் பற்றும். இவை யாவும் விரைந்து ஓடும் மீன்கள். தூண்டிலைப் பற்றும் கணத்தில் கோலின்மீது விழும் இழுப்பு திடீரென்றும் கடுமையாகவும் இருக்கும். நின்ற இடத்தில் விடும் கைத்தூண்டிலுக்குப் போதுமான கட்டும் முடிச்சும் இதற்குப் போதா.

முற்காலத்தில் மரவள்ளங்களின் விலாவில் மூங்கிற்றடியைக் கயிற்றாற் கட்டித் தூண்டில் இழுத்தனர். மரம் தடித்தது, கயிறும் சற்று இளகிக் கொடுக்கும். இன்று பெரும்பாலான சிறுபடகுகள் கண்ணாடியிழையால் ஆனவை. 2004 டிசெம்பர் 26ஆந் திகதிக் கடற்கோளிற் பல படகுகள் அழிந்தபின் வந்து சேர்ந்த படகுகளிலும் பெரும்பாலானவை இவ்வகையே. கண்ணாடியிழை ஓடு இலேசானது, உளுக்காது, ஒழுகாது. ஆயினும் அது மெல்லியது. மரத்தில் ஆணி அறைவதுபோல் அதில் அறைய முடியாது. பழைய பழக்கத்தைப் புதிய படகிற் செய்வதாலேயே பல தவறுகள் நேர்கின்றன.

துலாக் கணக்கு

தாங்கியின் அடியில் எவ்வளவு பாரம் விழும் என்பதைத் துலாவைக் கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம். துலாவின் நீண்ட நுனியில் ஒரு பட்டை நீர் தொங்குகின்றது. அச்சுக்கு மறுபக்கத்திலுள்ள குறுகிய அடிப்பாகத்தில் அதனிலும் பல மடங்கு பாரம் வைத்தாலன்றி அது ஈடாகாது. தூண்டிற்கோலும் இத்தகையதே. கோலின் நுனி நீண்ட கை. தாங்கியின் அடித்தகடு குறுகிய கை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். தூண்டில் நூலாகிய தங்கூசி 15 கிலோகிராம் பாரத்தில் அறுவது என்று கொள்க. ரீலின் தடையை அதன் மூன்றிலொரு பங்காகிய 5 கிலோகிராமுக்கு இறுக்கி வைப்பது முறை. அப்படி வைத்தால் மீன் இழுக்கும்போது நூல் விட்டுக்கொடுக்கும். ஆனால் ரீல் சிக்கிக்கொண்டாலோ, தூண்டில் பாறையில் மாட்டிக்கொண்டாலோ, நூல் அறும் வரையில் 15 கிலோகிராமும் கோலின் நுனியில் விழும். கோல் நுனி தாங்கியிலிருந்து ஒன்றரை மீற்றர் தள்ளி இருக்கின்றது. தாங்கியின் ஆணிகள் ஒன்றுக்கொன்று 10 சதமமீற்றர் இடைவெளியில் உள்ளன. ஒன்றரை மீற்றர் என்பது 10 சதமமீற்றரின் 15 மடங்கு. ஆகவே ஆணிகளை மேலே பிடுங்க முயலும் பாரம் 15 பெருக்கல் 15, அதாவது 225 கிலோகிராம் ஆகும். இது நான்கு நெல் மூடைகளின் பாரத்துக்குக் குறையாது.

நல்ல உருக்கு ஆணி இதற்கு அறாது. ஆணி பிடித்திருக்கும் மெல்லிய ஓடே கிழியும். ஆணிகளின் இடைவெளியை 20 சதமமீற்றராக்கினால் இப்பாரம் பாதியாகும். ஓட்டின் கீழே அகன்ற பலகை ஒன்றை வைத்தால், எஞ்சிய பாரமும் ஓரிடத்தில் விழாமற் பரந்துவிடும். அடித்தகடு அகன்றிருக்க வேண்டும், கீழே தாங்குபலகை இருக்க வேண்டும் என்று கூறுவது இதனாலேயே.

தாங்கி வகைகள்

கடைகளிற் கிடைப்பனவும் கையாற் செய்யக்கூடியனவுமான தாங்கிகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

1. புதை தாங்கி: மேல்விளிம்பில் பெரிய துளை இட்டு அதனுள் இறக்கிப் பொருத்துவது. வெளியே துருத்தாது, வலைக்கும் கயிற்றுக்கும் இடைஞ்சல் இல்லை. அகன்ற, வலிய விளிம்புள்ள படகுக்கே இது ஏற்றது. குறுகிய விளிம்பிற் பெரிய துளை இட்டால் விளிம்பின் வலிமையே போய்விடும். சாய்வில்லாமலும் 15 பாகை, 30 பாகை சாய்வுகளிலும் இது கிடைக்கும். தூண்டில் இழுப்பதற்கு 30 பாகை நன்று.

2. பக்கத் தாங்கி: விளிம்பின் உட்பக்கச் சுவரில் நான்கு ஆணிகளாற் பூட்டும் குழாய். பெரிய துளை வேண்டியதில்லை. நமது சிறுபடகுகளுக்குப் பொதுவாக இதுவே பொருத்தம்.

3. கவ்வித் தாங்கி: குழாய்க் கைபிடியைக் கவ்விப் பிடிப்பது. கழற்றுவது எளிது. ஆனால் கைபிடி உறுதியாய் இருந்தால் மட்டுமே பயன்படும். பெரிய மீன் இழுக்கும்போது கவ்வி சுழன்றுவிடக் கூடும்.

4. தாங்கிப்பலகை: படகின் குறுக்கே வைத்துக் கட்டும் பலகையின் இரு முனைகளிலும் குழாய்களைப் பொருத்துவது. படகில் ஒரு துளையும் இடவேண்டியதில்லை. வாடகைப் படகு, பங்குப் படகு, உறவினர் படகு ஆகியவற்றிற் செல்வோர் இதையே கைக்கொள்ளுதல் வேண்டும்.

ஒடுங்கிய தோணியிலும் தெப்பத்திலும் எவ்வகைத் தாங்கியும் வேண்டாம். பக்கவாட்டு இழுப்பு அவற்றை எளிதிற் புரட்டிவிடும்.

எப்பொருளாற் செய்தது நன்று?

கறையில் உருக்கு, அதாவது மக்கள் எவர்சில்வர் என்று கூறுவது, மிகவும் உறுதியானது. அதிலும் 316 என்னும் தரமே கடலுக்கு உரியது. 304 என்னும் தரம் சமையற் பாத்திரத்துக்குப் போதும். கடலுப்பில் நாளடைவில் அதிற் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். வாங்கும்போது தரத்தைக் கேட்டு வாங்குக. மேற்பூச்சு மட்டும் மினுங்கும் இரும்புத் தாங்கியை வாங்காதீர்கள். பூச்சு உரிந்தவுடன் துரு பிடித்து உள்ளே அரித்துவிடும்.

அலுமினியம் இலேசானது. ஆனால் அதை உருக்கு ஆணியால் நேரே பூட்டினால் உப்புநீர் பட்டு அலுமினியம் அரிபடும். இரண்டுக்கும் இடையே நைலோன் அல்லது இறப்பர் வளையம் இடுதல் வேண்டும்.

பிளாத்திக்குத் தாங்கி மலிவானது. சிறு மீனுக்குப் போதும். வெயிலில் ஈராண்டு மூவாண்டு கிடந்தால் நொறுங்கும் தன்மை பெறும். அதை நகத்தாற் கீறிப் பார்க்கையில் வெண்தூள் உதிர்ந்தால் மாற்றிவிடுக.

பி.வி.சி. குழாய் எல்லாக் கமக்காரரிடமும் மீந்து கிடக்கும் பொருள். நீர் இறைக்கும் தடித்த குழாயாக இருத்தல் வேண்டும். கழிவுநீருக்குப் போடும் மெல்லிய குழாய் உதவாது. கோலின் அடியை அளந்து, அதைவிட ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் அகன்ற உள்விட்டமுள்ள குழாயைத் தெரிக. இறுக்கமாயிருந்தால் அவசரத்திற் கோலை எடுக்க இயலாது. மிகத் தளர்ந்திருந்தாற் கோல் ஆடித் தேயும். 30 சதமமீற்றர் நீளத்திற் குழாயை வெட்டி, வாய் விளிம்பை அரத்தால் மழமழப்பாக்குக. கோலின் அடியிற் சிலுவை வடிவப் பள்ளம் இருந்தால், குழாயின் அடியிற் குறுக்கே ஓர் உருக்கு ஆணியைச் செலுத்துக. பள்ளம் அதில் அமர்ந்து கோல் சுழலாமல் நிற்கும். குழாயின் அடியை முற்றாக மூடற்க. நீர் வடிவதற்கு வழி வேண்டும்.

இடந் தெரிதல்

துளைகருவியை எடுக்குமுன் ஒரு நாளாவது தாங்கியைக் கயிற்றாற் கட்டி வைத்துக் கடலிற் பார்த்தல் வேண்டும். துளை இட்டபின் மனம் மாறினாற் பயனில்லை. பார்க்க வேண்டியவை பின்வருமாறு.

முதலாவது, இயந்திரம் ஓட்டுபவரின் கை. வெளியிணைப்பு இயந்திரத்தின் பிடி இரு பக்கமும் முழுதாகத் திரும்ப வேண்டும். தாங்கியோ கோலோ அதை மறித்தலாகாது. ஏறக்குறைய 18 அடிப் படகிற் பின்பலகையிலிருந்து இரண்டரை அடி முதல் மூன்று அடி வரை முன்னே தாங்கியை வைப்பது பெரும்பாலும் பொருந்தும்.

இரண்டாவது, நூல் செல்லும் வழி. கோல் நுனி படகிற்கு வெளியே நன்றாக நீண்டு நிற்றல் வேண்டும். அப்பொழுதுதான் படகு திரும்பும்போது நூல் இயந்திரத்தின் சுழல்விசிறியிற் சிக்காது. கோல் கிடைமட்டத்திலிருந்து 30 முதல் 45 பாகை வரை உயர்ந்து, வெளிப்புறமும் பின்புறமும் சாய்ந்திருப்பது நன்று.

மூன்றாவது, கைக்கு எட்டும் தூரம். அமர்ந்தபடியே கோலைப் பற்றி எடுக்க முடிதல் வேண்டும். விளிம்பின்மேல் ஏறி நின்று எடுக்க வேண்டிய இடத்திற் பொருத்தற்க.

நான்காவது, கீழே இருப்பது. படகு நீர் நிறைந்தாலும் அமிழ்ந்துவிடாதபடி காப்பது அதன் மிதவை அறையே. அதைத் துளைத்தல் கூடவே கூடாது. எரிபொருட் குழாய், மின்கம்பி ஆகியவை செல்லும் இடத்தையும் விலக்குக.

ஐந்தாவது, ஓட்டின் வலிமை. குடம் வாங்கும்போது தட்டிப் பார்ப்பதுபோல் விளிம்பை விரற்கணுவாற் தட்டிக்கொண்டே போனால், கெட்டியான இடமும் வெற்றிடமும் ஓசையால் விளங்கும். சில படகுகளில் விளிம்பினுள் மரச்சட்டம் வைத்துக் கண்ணாடியிழை போர்த்தியிருப்பர். அது வலிய இடந்தான்; ஆயினும் துளைவழி நீர் சென்றால் உள்ளிருக்கும் மரம் உளுத்துவிடும். வெளியே ஒன்றுந் தெரியாது. சில ஆண்டுகளில் விளிம்பே கையோடு வரும்.

இரண்டு பேர் செல்லும் படகுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தாங்கிகள் போதும். நான்கு தூண்டில் போட்டால் நான்கு மடங்கு மீன் வரும் என்பது தப்பெண்ணம். நூல்கள் ஒன்றோடொன்று சிக்கி நேரமே வீணாகும்.

பொருத்தும் முறை

வேண்டியவை: 6 மில்லிமீற்றர்க் கறையில் உருக்கு மரையாணிகள் (போல்ட்டு) தாங்கி ஒன்றுக்கு நான்கு, அகன்ற வளையங்கள் (வாசர்), நைலோன் பூட்டுள்ள சுரைகள் (நட்டு), தாங்குபலகை, ரெசினும் கண்ணாடியிழைப் பாயும், கடலுக்குரிய நீரடைப்புப் பசை. மரத் திருகாணிகள் இங்கே வேண்டா. அவை மெல்லிய ஓட்டில் ஒரு பருவத்துக்கும் நில்லா.

(அ) தாங்குபலகையைத் தயாரித்தல்: 20 மில்லிமீற்றர் தடித்த பூவரசம் பலகையோ, 12 மில்லிமீற்றர்க் கடற்றர ஒட்டுப்பலகையோ உகந்தது. தாங்கியின் அடித்தகட்டைவிட எல்லாப் பக்கமும் 3 சதமமீற்றராவது பெரிதாக வெட்டுக. மூலைகளையும் விளிம்புகளையும் உருட்டிவிடுக. கூரிய மூலை ஓட்டை வெட்டும். நன்றாக உலர்த்தி, எல்லாப் பக்கமும், சிறப்பாக வெட்டுமுகத்தில், ரெசின் பூசுக.

(ஆ) ஒட்டுதல்: ஓட்டின் உட்பக்கத்தை உப்பும் எண்ணெயும் போகக் கழுவி உலர்த்தி உப்புத்தாளாற் சொரசொரப்பாக்குக. பலகையை ரெசினால் ஒட்டி, அதன்மேல் கண்ணாடியிழைப் பாயை இரண்டு படை போர்த்துக. ஒரு நாள் காய விடுக. தூள் நுரையீரலுக்குத் தீது. உரைக்கும்போதும் துளைக்கும்போதும் மூக்கையும் வாயையும் நல்ல முகமூடியால் மூடிக் கண்ணாடியும் அணிக.

(இ) துளையிடுதல்: அடித்தகட்டை வைத்துக் குறியிடுக. குறியின்மேல் ஒட்டுநாடா ஒட்டினால் மேற்பூச்சு சிதறாது. முதலிற் சிறு துளையும் பின்னர் அளவான துளையும் இடுக. கருவியை அழுத்தாமல் மெல்லச் செலுத்துக. உள்ளே மரச்சட்டமோ நுரைப்பொருளோ உள்ள இடமாயின், வேண்டியதிலும் பெரிய துளை இட்டு, அதை ரெசினால் நிரப்பி, காய்ந்தபின் அதன் நடுவே சரியான துளையை இடுக. ஆணியைச் சுற்றி ரெசின் சுவர் இருப்பதால் நீர் மரத்தை அடையாது. வேலை சற்றுக் கூடுதல். ஆனால் படகின் ஆயுளைக் காப்பது இதுவே.

(ஈ) பூட்டுதல்: துளைவாயைச் சிறிது அகட்டி, அங்கும் அடித்தகட்டின் கீழும் பசை இடுக. ஆணியை வெளியிலிருந்து செலுத்தி, உள்ளே வளையமும் சுரையும் இட்டு, முதலில் மிதமாக இறுக்குக. பசை இறுகிய பின், மறுநாள் முழுதாக இறுக்குக. முதல் நாளே முற்றாக இறுக்கினாற் பசை யாவும் பிதுங்கி வெளியேறிவிடும். நீண்டிருக்கும் ஆணி நுனியை அறுத்து மழுக்குக. இல்லாவிடில் கையையும் வலையையும் கிழிக்கும்.

மரவள்ளமாயின் வெறும் பலகையிற் பூட்டாமல், உள்ளே வங்குக்காலோடு சேர்த்து ஊடுருவும் ஆணியாற் பூட்டுக. துளையின் உட்சுவருக்கு மெழுகோ பூச்சோ இட்டு நீர் ஊறாமற் காக்க.

துளையில்லாத தாங்கிப்பலகை

20 சதமமீற்றர் அகலமும் 4 சதமமீற்றர் தடிப்பும் உள்ள நல்ல பலகையைத் தெரிக. படகின் அகலத்தைவிட இரு பக்கமும் 5 சதமமீற்றர் நீண்டிருக்கட்டும். பலகையின் கீழே, இரு விளிம்புகளின் உட்பக்கத்தையும் ஒட்டி அமருமாறு, இரண்டு கட்டைகளைப் பூட்டுக. இவை பலகை பக்கவாட்டில் நழுவாமற் காக்கும். விளிம்பில் அமரும் இடங்களிற் பழைய மிதிவண்டி இறப்பரை ஒட்டினால் ஓடு தேயாது. முனைகளில் குழாய்களை வேண்டிய சாய்வில் வைத்து, ஒவ்வொன்றையும் இரண்டு உருக்குப் பட்டிகளால் ஊடுருவும் ஆணி கொண்டு பூட்டுக.

பலகையை இருக்கைப் பலகையின் அருகே வைத்து, முன்பக்கமும் பின்பக்கமும் கயிற்றாற் கீழ்நோக்கி இழுத்துக் கட்டுக. இரு பக்கமும் கட்டுதல் முக்கியம். மீன் பின்னே இழுக்கும்போது பலகை தன் பின்விளிம்பில் ஊன்றிப் புரள முயலும். முன்பக்கக் கட்டே அதைப் பிடித்து நிற்கும். முடிச்சு ஒரே இழுப்பில் அவிழக் கூடியதாய் இருக்கட்டும். வேலை முடிந்தபின் பலகையை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். வெயிலிலும் மழையிலும் கிடக்காது, களவும் போகாது.

கரையிற் சோதனை

நாற்றுமேடையிற் சோதித்த விதையையே வயலில் இடுகிறோம். அதுபோலத் தாங்கியையும் கரையிற் சோதித்த பின்னரே கடலுக்குக் கொண்டுசெல்லுதல் முறை.

படகை இரு பக்கமும் முட்டுக் கொடுத்து அசையாமல் நிறுத்துக. தூண்டிற்கோலுக்குப் பதிலாக அதே பருமனுள்ள உறுதியான தடியைத் தாங்கியிற் செருகுக. தாங்கியிலிருந்து ஒன்றரை மீற்றர் வெளியே, தடியில் வாளி ஒன்றைக் கட்டித் தொங்கவிடுக. ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோகிராம். முதலில் 5 லீற்றர், பின் 10 லீற்றர், முடிவில் 15 லீற்றர் என நீரை ஊற்றுக. ஒவ்வொரு முறையும் அடித்தகட்டைக் கூர்ந்து பார்க்க. விளிம்பு வளைந்தாலோ, தகட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே நகம் நுழையும் இடைவெளி தோன்றினாலோ, நொறுங்கும் ஓசை கேட்டாலோ நிறுத்திவிடுக. தாங்குபலகை போதவில்லை என்பதே அதன் பொருள். கரையில் நிகழும் இத்தோல்வி நட்டமன்று. கடலில் நிகழ இருந்ததைத் தடுத்த நன்மையாகும்.

கடலில் ஒழுக வேண்டிய முறை

படகு மனிதன் ஓடும் வேகத்திலும் மிகாமற் செல்லட்டும். ஒரு நூலை ஏறக்குறைய 15 மீற்றரும் மற்றதை 25 மீற்றரும் விட்டால், திரும்பும்போது அவை சிக்கா. அகன்ற வளைவிலேயே படகைத் திருப்புக.

மீன் பற்றியதும் இருவரும் எழுந்து ஓடற்க. இயந்திரத்தில் இருப்பவர் தம் இடத்திலேயே இருந்து வேகத்தைக் குறைக்கட்டும். மற்றவர் முதலில் வெறுந் தூண்டிலைச் சுருட்டிவிட்டு, பின்னர் கோலை எடுக்கட்டும். இழுப்பில் இருக்கும் கோலை நேரே பிடுங்க முடியாது. படகு வேகம் தணிந்ததும் கோலைக் குழாயின் சாய்வுக்கு நேராக உயர்த்தினால் எளிதில் வரும்.

கோலுக்குக் காப்புக் கயிறு கட்டுதல் நன்று. அக்கயிற்றைப் படகின் உறுதியான வளையத்திற் கட்டுக. இடுப்பிலோ காலிலோ கட்டற்க. தங்கூசியைக் கையிற் சுற்றிப் பிடித்தலும் கூடாது. கூரிய கத்தி ஒன்று எப்பொழுதும் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். தூண்டில் பாறையில் மாட்டினால் இயந்திர வலியால் இழுத்து விடுவிக்க முயலாமல் நூலை அறுத்துவிடுக. தூண்டிலின் விலை சிறிது. படகின் விலை பெரிது.

கச்சான் காற்றைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் இக்காற்று, இங்கே தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகின்றது. அதனாற் கரையோரம் குளம்போல் அமைதியாயிருக்கும். அவ்வமைதியை நம்பி வெளியே சென்றபின் இயந்திரம் நின்றால், படகு கரைக்கு வாராது, ஆழ்கடலுக்கே தள்ளப்படும். ஆதலின் உயிர்காப்பு அங்கி, துடுப்பு, நங்கூரம், நீண்ட கயிறு, குடிநீர், கைபேசி ஆகியன இன்றிப் புறப்படற்க. போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டிற் சொல்லிச் செல்க.

துறைமுகத்தினுட் கடற்படைத் தளமும் கப்பற் பாதையும் உள்ளன. அங்கே தடைசெய்யப்பட்ட எல்லைகளைக் கடற்றொழிற் பரிசோதகரிடம் கேட்டறிந்து விலகி நடத்தல் வேண்டும். நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 1963இற் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. அதன் எல்லைக்குள் மீன் பிடித்தல் ஆகாது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தின்படி மீன்பிடிப் படகைப் பதிவு செய்தலும் அவசியம்.

பராமரிப்பு

கடலிலிருந்து வந்ததும் தாங்கியையும் ரீலையும் கிணற்று நீராற் கழுவுக. மாதம் ஒருமுறை சுரைகளைச் சோதித்து இறுக்குக. தாங்கியைச் சுற்றிச் சிலந்திவலை போன்ற மெல்லிய வெடிப்புகள் தோன்றினால், அது மேற்பூச்சின் வெடிப்பு மட்டும்தான் என்று விட்டுவிடாமல் கழற்றிப் பார்க்க. ஆணியைச் சுற்றிப் பழுப்பு நீர் கசிந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டது என்று அறிக. வாடைக் காலத்திற் படகைக் கரையேற்றும்போது தாங்கிகளைக் கழற்றித் துடைத்து நிழலில் வைத்து, துளைகளை அடைத்துவிடுக. விதைப்பு வேலைகள் தொடங்குமுன் இதை முடித்துவிட்டால், அறுவடை முடிந்த கையோடு மீண்டும் கடலில் இறங்கலாம்.

நினைவிற் கொள்க

1. வாடகைப் படகிலும் பங்குப் படகிலும் துளை இடாமல் தாங்கிப்பலகையைப் பயன்படுத்துக.
2. கயிற்றாற் கட்டிப் பார்த்து, இடம் சரியென்று கண்டபின்னரே துளை இடுக.
3. மிதவை அறையைத் துளைக்கற்க.
4. தாங்குபலகையும் ஊடுருவும் ஆணியும் இன்றிக் கண்ணாடியிழை ஓட்டில் எதையும் பூட்டற்க.
5. ரீலின் தடையை நூலின் அறுபாரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இறுக்கற்க.
6. 15 லீற்றர் நீர் தொங்கவிட்டுக் கரையிற் சோதிக்க.
7. மீன் பற்றும்போது இருவரும் ஒரே பக்கத்திற் சேரற்க.
8. கச்சான் காலத்துக் கரையோர அமைதியை நம்பி உயிர்காப்பு அங்கியின்றிச் செல்லற்க.

வரம்பு உறுதியாயிருந்தால் வயலில் நீர் நிற்கும். தாங்கியின் அடி உறுதியாயிருந்தால் கோல் நிற்கும், மீனும் படகிலேறும், படகும் பத்திரமாய்க் கரை சேரும்.